தோம்பும் தூரிகையும்

அரசு தன் மக்களை அறிந்துகொள்ளும் வழிகள் பல. அவற்றுள் இரண்டு ஈண்டு நம் கவனத்திற்குரியன. ஒன்று பதிவேடு, மற்றொன்று நூதனசாலை. பதிவேடு உயிருடன் இருப்போரின் காணியையும் குடும்பத்தையும் எண்ணுகின்றது. நூதனசாலை மறைந்தோரின் பொருள்களைத் திரட்டி அடுக்குகின்றது. இரண்டிலும் எழுதுபவர் ஒருவர், எழுதப்படுபவர் வேறொருவர். இவ்விரு மரபுகளையும் தம் கலைக்கு வடிவமாக ஏற்று, எழுதப்படுவோர் கையிலே எழுதுகோலைக் கொடுத்த ஓவியர் ஒருவர் நம் நாட்டில் வாழ்கின்றார். அவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தாமோதரம்பிள்ளை சனாதனன். வடக்கின் இடப்பெயர்வைப் பொருளாகக் கொண்டவை அவருடைய ஆக்கங்கள். ஆயினும் அவை எழுப்பும் வினா, அறுகம்பே தொடக்கம் கல்முனை ஈறாகவுள்ள நம் கரையோரத்தாருக்கும் உரியது. வீடும் ஊரும் மாறும்பொழுது எஞ்சுவது யாது, அதனை யார் காப்பது என்பதே அவ்வினா. முதலில் அவர்தம் ஆக்கங்களை மதிப்பிட்டு, பின்னர் நம் கரையின் நிலைமையோடு அவற்றைப் பொருத்திப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூதனசாலை என்னும் மரபு

நூதனசாலை ஆங்கிலேயர் வழியாக நம்மை வந்தடைந்த நிறுவனம். கல்கத்தாவில் 1814ஆம் ஆண்டிலும் சென்னையில் 1851ஆம் ஆண்டிலும் தோன்றிய நூதனசாலைகளின் வரிசையிலே, கொழும்பு நூதனசாலை 1877ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள் திறந்துவைக்கப்பட்டது. அதனை நிறுவியவர் தேசாதிபதி வில்லியம் கிரகரி. வரைபடம் அமைத்தவர் ஜேம்ஸ் ஸ்மிதர். கட்டி முடித்தவர் வாப்பிச்சி மரைக்கார் என்னும் முஸ்லிம் ஒப்பந்தகாரர். கைம்மாறாக யாது வேண்டும் என்று தேசாதிபதி வினவியபொழுது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைத்தால் போதும் என்று அவர் கேட்டதாக ஒரு செவிவழிச் செய்தி வழங்குகின்றது. நடந்த நிகழ்ச்சியாயினும் புனைந்த கதையாயினும் இஃது ஓர் உண்மையை உணர்த்துகின்றது. 1815இல் ஆங்கிலேயர் கைப்பட்டு 1934இல் நாடு திரும்பிய கண்டி மன்னரின் முடியும் அரியணையும் கண்ணாடிப் பேழைகளில் இடம்பெற்றன. கட்டடத்தை எழுப்பியவரின் நினைவோ பெரும்பாலும் மக்கள் வாய்மொழியிலே தங்கிற்று. முடி சூடியோர் பேழையிலும், கல் சுமந்தோர் கதையிலுமாக வரலாறு இரு கூறாகப் பிரிந்து நிற்பதை இங்குக் காண்கின்றோம்.

அந்த 1877ஆம் ஆண்டிலேதான் கொழும்பில் ஆனந்த குமாரசுவாமியும் பிறந்தார். 1917ஆம் ஆண்டு தொடக்கம் 1947இல் மறையும்வரை அமெரிக்காவின் பொஸ்டன் நுண்கலை நூதனசாலையிலே பணியாற்றியவர் அவர். தம் வாழ்நாளின் பெரும்பகுதியை நூதனசாலையிலே கழித்த அப்பேரறிஞரே, கலைப்பொருள்களை எதற்காகக் காட்சிக்கு வைக்கின்றோம் என்று வினவித் தம் நூலொன்றுக்கு அவ்வினாவையே தலைப்பாகவும் இட்டார். பேழையுள் இருக்கும் பொருள் எதுவும் பேழைக்கெனச் செய்யப்பட்டதன்று என்பது அவருடைய கருத்தின் சாரம். கிண்ணம் உண்பதற்கும் விளக்கு ஏற்றுவதற்கும் படிமம் வழிபடுவதற்கும் செய்யப்பட்டன. பயன்படுத்திய வாழ்க்கை அழிந்தமையாலேயே அவை காப்பிடம் தேடி நூதனசாலைக்கு வந்தன. ஆகவே, பொருளைக் காட்டுவோர் அதனை வேண்டிநின்ற வாழ்க்கையையும் உடன் காட்டுதல் வேண்டும். சனாதனனின் ஆக்கங்களை மதிப்பிடுவதற்கு இதனைவிடச் சிறந்த அளவுகோல் நமக்குக் கிடைத்தல் அரிது.

ஓவியரும் அவர் காலமும்

சனாதனன் 1969இல் பிறந்தவர். டில்லியில் ஓவியம் பயின்றவர்; யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே கலை வரலாறு கற்பிக்கும் பேராசிரியர். அவருடைய தலைமுறையினர் இளமையைப் போரின் நடுவே கழித்தனர். 1981ஆம் ஆண்டு சூன் மாதத் தொடக்கத்திலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டது; ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளாலே வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தாருக்கு அளிக்கப்பட்ட அவகாசம் சில மணிநேரமே. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவிலே ஊரைவிட்டு நடந்தனர். இந்நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றிலும் உயிரோடு சேர்ந்து பிறிதொன்றும் இழக்கப்பட்டது. புகைப்படம், உறுதிப்பத்திரம், பள்ளிச் சான்றிதழ், தாத்தாவின் மூக்குக்கண்ணாடி என அது சிதறிக் கிடந்தது. ஒரு குடும்பம் தான் இன்னதென்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதற்குத் துணைநின்ற பொருள்கள் இவை.

அவருடைய தொடக்கக்கால ஓவியங்களிலே மனிதவுடலும் நிலமும் ஒன்றிலொன்று ஊடாடக் காண்கின்றோம். அவ்வழியிலே தொடர்ந்திருந்தாலும் அவர் குறிப்பிடத்தக்க ஓவியராகவே விளங்கியிருப்பார். ஆனால், தாம் ஒருவரே கண்டு தாம் ஒருவரே தீட்டும் ஓவியம், பலர் இழந்த பலவற்றுக்கு ஈடாகாது என்று அவர் உணர்ந்திருத்தல் வேண்டும். ஆகவே ஓவியச் சட்டகத்தைவிட்டு வெளியே வந்து, சேகரித்தலையே ஒரு கலைமுறையாக மேற்கொண்டார்.

குடுவையுள் ஒரு வீடு

அம்முயற்சியின் முதற் பேறாகக் கருதத்தக்கது 2004ஆம் ஆண்டிலே, மீளக் கட்டப்பெற்ற யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் நடைபெற்ற ‘அகம் புறம்’ கண்காட்சியில் அவர் அமைத்த ஆக்கம். ‘வரலாறுகளின் வரலாறு’ என அதன் தலைப்பைத் தமிழிற் கூறலாம். குடாநாட்டின் நூற்றுக்கணக்கான வீடுகளிலிருந்து பெற்ற சிறு பொருள்களைப் போத்தல்களில் இட்டு வரிசையாக வைத்தனர். போரின் சுவடு படிந்த பொருள்கள் அவை. அவற்றுக்கு விலை இல்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் உரியவர் உண்டு.

அதன் இடப்பொருத்தத்தை முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நூலகம் எரிந்தபொழுது எழுதப்பட்ட வரலாறு எரிந்தது. புதிய கட்டடம் எழுந்தபின்னர் அலுமாரிகளில் வேறு நூல்களை வாங்கி அடுக்கலாம். பழைய ஏட்டுச்சுவடிகளை வாங்குதல் இயலாது. அவ்வெறுமையிலேதான் எழுதப்படாத வரலாற்றை வீட்டுக்கொருவராக மக்கள் கொண்டுவந்து வைத்தனர். அடுத்து, போத்தல் என்னும் வடிவம். ஆய்வுகூடத்திலே மாதிரிகளை அடைத்துவைப்பது போத்தல். நூதனசாலையிலே அரும்பொருளைக் காப்பது கண்ணாடி. விஞ்ஞானியின் பார்வைக்கும் அரசின் பார்வைக்கும் உரிய கருவியை ஓவியர் எடுத்து, ஒரு பாட்டியின் நினைவை அதனுள் வைத்தார். கண்ணாடிக்குள் எது செல்லத் தகுதியுடையது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை இங்கு அதிகாரியிடமிருந்து வீட்டுக்காரரிடம் மாறிவிடுகின்றது. ஆக்கத்தின் உயிர்நிலை இம்மாற்றமே என்பது எம் கருத்து.

இம்முறையே பின்னர் கடல் கடந்தது. 2010ஆம் ஆண்டிலே கனடாவின் வன்கூவர் நகரில் பிரித்தானிய கொலம்பியாப் பல்கலைக்கழகத்து மானிடவியல் நூதனசாலையில், வீட்டைக் கற்பனை செய்தல் என்னும் பொருள்படும் தலைப்பிலே அவர் ஓர் ஆக்கத்தை அமைத்தார். யாழ்ப்பாணத்திலும் வன்கூவரிலும் வாழும் தமிழரிடம் பெற்ற பொருள்கள் கண்ணாடிக் குடுவைகளில் இடம்பெற்றன. மானிடவியல் நூதனசாலை என்பது பிற இனத்தாரின் பொருள்களை அவர்களில்லாத இடத்திலே காட்டுவதற்குத் தோன்றிய அமைப்பு. அத்தகைய மண்டபத்திலே, பொருளுக்குரியோர் அந்நகரிலேயே வாழ்ந்துகொண்டு, இஃது என்னுடையது என்று சொல்லி நிற்பது அம்மரபின் திசையையே திருப்பிவிடுகின்றது.

முற்றுப்பெறாத தோம்பு

இவற்றினும் மேலாக மதிக்கத்தக்கது, 2011ஆம் ஆண்டிலே சர்மினி பெரேராவின் ரேக்கிங் லீவ்ஸ் வெளியீடாக வந்த ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்னும் கலைநூல். தோம்பு என்பது போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது. அவர்கள் தொடங்கிய காணிப் பதிவேட்டு முறையை ஒல்லாந்தர் விரித்து, இன்னார் இன்ன காணியை இன்ன உரிமையாற் கொண்டுள்ளார், இன்ன இறுக்கக் கடமைப்பட்டவர் என்று எழுதிவைத்தனர். வரி வாங்குவதற்கென எழுதிய ஏடாயினும், பிற்காலத்தில் மக்கள் தம் உரிமையை நிறுவுவதற்கும் அதுவே சான்றாயிற்று. ஆள்வோரின் கருவி ஆளப்படுவோரின் ஆவணமாக மாறிய விந்தை தோம்பின் வரலாற்றிலேயே உண்டு. அவ்விந்தையை ஓவியர் நன்கு பயன்கொண்டார்.

நூலின் அமைப்பு எளியது. அலுவலகக் கோவை போன்ற தோற்றமுடையது. இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள், தமிழரும் முஸ்லிம்களுமாக எண்பதின்மர், தாம் விட்டுவந்த வீட்டின் நிலப்படத்தைத் தம் கையாலேயே வரைந்து கொடுத்தனர். ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று தாள்கள் உள்ளன. முதலாவது, வீட்டுக்காரரின் கைவரைபு. இரண்டாவது, கட்டடக்கலைஞர் அளவுமுறைப்படி அதனைத் திருத்தி வரைந்த படம். மூன்றாவது, அக்கதையைக் கேட்ட ஓவியர் உலர்வண்ணக்கோலால் தீட்டிய சித்திரம்.

இம்மூன்றையும் அடுத்தடுத்துப் புரட்டும்பொழுது நிகழ்வது யாது? கைவரைபிலே அளவு தவறும். நினைவு, அடிக்கோலை வைத்துக்கொண்டு நடப்பதன்று. கிணறு வீட்டைவிடப் பெரிதாகலாம். மாமரம் முற்றத்தை நிறைத்துவிடலாம். அடிக்கடி நின்ற இடம் அகன்றும், அரிதாகச் சென்ற அறை குறுகியும் தோன்றலாம். கட்டடக்கலைஞரின் தாள் இத்தவறுகளை எல்லாம் நீக்கிவிடுகின்றது. கோடுகள் நேராகின்றன; சுவர்கள் சமமாகின்றன; வீடு எவர் வீடாகவும் இருக்கத் தக்கதாகின்றது. தவறு நீங்கியதும் ஆளும் நீங்கிவிட்டார் என்பதை அப்பொழுதே வாசகர் உணர்கின்றார். எதனை இழந்தோம் என்பதை விளக்க ஒரு சொல்லும் எழுதாது, தாளைப் புரட்டும் செயலினாலேயே உணர்த்தியமை இந்நூலின் சிறப்பு.

மூன்றாவது தாளிலேதான் ஓவியர் பேசுகின்றார். அளவுப் படத்தையோ கைவரைபையோ அவர் பெயர்த்தெழுதவில்லை. கேட்ட கதையின் ஏதோ ஒரு நுனியைப் பற்றிக்கொண்டு சித்திரத்தை வளர்க்கின்றார். தொட்டால் விரலில் ஒட்டும் உலர்வண்ணம் இங்குப் பொருத்தமான ஊடகம், நினைவும் அத்தன்மைத்தே. இத்தாள் இல்லையாயின் நூல் சிறந்த ஆவணத் திரட்டாக மட்டும் நின்றிருக்கும். வேறொருவர் இழப்பைக் கேட்ட ஒருவர் என்ன செய்தல் கூடும் என்பதற்கு இச்சித்திரங்களே விடை. அவர் அதனைத் தம்முடையதென்று உரிமை கொண்டாடவுமில்லை. வெறுங் கணக்காக எழுதிவைத்து ஒதுங்கவுமில்லை.

தமிழிலே ‘அகம்’ என்னும் சொல் உள்ளத்தையும் குறிக்கும்; வீட்டையும் குறிக்கும். நம் பொருளிலக்கண மரபு அகத்தையும் புறத்தையும் இரு வேறாக வகுத்தது. போர் புறத்துக்குரியது. அப்போர் வீட்டினுள்ளே புகுந்து அகத்தை நிலப்படமாக்கிவிட்ட காலத்தை இந்நூல் காட்டுகின்றது. ‘முற்றுப்பெறாத’ என்னும் அடைமொழி எண்ணிக்கைக் குறைவை மட்டும் சுட்டுவதாகாது. அரசின் பதிவேடு என்றும் முழுமையை உரிமை கோரும். அதில் இல்லாதவர் இல்லாதவராகவே கருதப்படுவர். தான் முற்றுப்பெறவில்லை என்று தானே ஒப்புக்கொள்ளும் பதிவேடு, இன்னும் எழுதப்படாதோருக்கு இடம் வைக்கின்றது.

இதனைத் தொடர்ந்து, நூலகத்தின் அட்டவணைச் சிட்டைகள் வைக்கும் இழுப்பறைப் பேழையையும் அவர் கலைவடிவமாக்கினார். 2016ஆம் ஆண்டின் கொச்சி - முசிறிஸ் கலை விழாவிலே அவ்வாக்கம் இடம்பெற்றது. எதிர்த்துநிற்றலின் பேழை என்று அதனைக் கூறலாம். பொருளாதாரத் தடைக்காலத்திலே யாழ்ப்பாணத்தார் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். சிறு போத்தலில் எண்ணெய் இட்டு விளக்கேற்றினர். மண்ணெண்ணெயிலே மோட்டார் வண்டி ஓட்டினர். இத்தகைய அன்றாடச் சூழ்ச்சிகளால் மக்கள் வாழ்வைக் காத்துக்கொண்ட கதைகளுக்கு அப்பேழை இடமளித்தது. வீரர்க்கு நடுகல் எடுத்த மரபிலே, விளக்கேற்றியோருக்கு ஓர் இழுப்பறை கிடைத்தது.

பிறர் செய்தனவும் இவர் செய்ததும்

நூதனசாலை வடிவத்தைப் பிற நாட்டுக் கலைஞரும் கையாண்டுள்ளனர். துருக்கிய நாவலாசிரியர் ஓர்ஹான் பாமுக், 2008இல் ஒரு நாவலை வெளியிட்டு, 2012இல் இசுதான்புல் நகரிலே அதே பெயரில் ஒரு நூதனசாலையையும் திறந்தார். நாவலின் 83 அதிகாரங்களுக்கும் பேழைகள் வகுக்கப்பட்டன. மாறிமறைந்த பழைய நகரத்தின் தேநீர்க் குவளைகளும் சாவிகளும் புகைத்தெறிந்த சிகரெட் துண்டுகளும் அவற்றில் உள்ளன. மும்பையின் அதுல் டோடியா, கடைகளின் உருட்டுக் கதவுகளையே ஓவியத்தளமாகக் கொண்டு மாநகரின் மாற்றத்தைத் தீட்டினார். போர்பந்தரிலுள்ள காந்தியடிகள் நூதனசாலையின் பேழைகளைக் கண்டு அவற்றைப் போன்ற பேழைகளையும் அமைத்தார்.

இவர்களோடு ஒப்பிடும்பொழுது சனாதனனின் தனித்தன்மை புலப்படும். பாமுக்கின் பேழைகளிலே பொருள்கள் உண்மை, உரிமையாளர் கற்பனை. டோடியாவின் பேழைகளிலே தெரிவு முழுவதும் ஓவியருடையது. சனாதனனோ பொருளைத் தெரிதலையும் வீட்டை வரைதலையும் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு, கேட்போராக அமர்ந்தார். கலைஞரின் தனிமுத்திரையைப் பெரிதும் போற்றும் இக்காலத்தில் இஃது அரிய அடக்கம்.

குறைகளும் கூறப்படுதல் வேண்டும். எண்பதின்மர் வரைந்த நூல் ஒருவர் பெயராலேயே உலகில் உலவுகின்றது. கலையுலகின் வழக்கம் அவ்வாறாயினும் இதனால் எழும் முரண்பாட்டை மறைத்தல் இயலாது. இரண்டாவதாக, இத்தகைய ஆக்கங்கள் பெருநகரக் கூடங்களுக்கும் அயல்நாட்டு விழாக்களுக்கும் எட்டுமளவுக்கு, வீட்டை வரைந்துகொடுத்தோரின் ஊர்ப் பாடசாலைகளுக்கு எட்டுவதில்லை. மூன்றாவதாக, நினைவிலுள்ள வீடு என்றும் அழகியது. அவ்வீட்டினுள் யார் எந்த வாயிலால் நுழையலாம், யார் முற்றத்தோடு நிற்கவேண்டும் என்னும் சாதி வேறுபாடும் அந்நிலப்படத்தின் கோடுகளுக்குள் உறைந்திருத்தல் கூடும். இழந்தவர்மேற் கொள்ளும் பரிவு, அதனைக் கேளாது விடச் செய்கின்றது.

‘நினைவுப் படம் நீதிமன்றிலே செல்லுமோ?’ என்று வினவுவோரும் உளர். செல்லாதுதான். ஆனால் சட்டமும் இவ்வினாவின் வழியே நடந்துவந்தது. பிறர் காணியைப் பத்தாண்டு தடையின்றி ஆண்டவருக்கு உரிமை சேரும் என்னும் பழைய விதி, போரினால் வெளியேறியோருக்குத் தீங்காக முடிந்தது. அவர்கள் அக்காலத்தைக் கணக்கிலிருந்து நீக்கிக்கொள்ள வழிசெய்யும் சட்டம் 2016ஆம் ஆண்டிலேதான் இயற்றப்பட்டது. இழப்பைக் கலை ஐந்தாண்டு முந்திப் பதிந்தது எனலாம்.

நம் கரையின் தோம்பு

இனி நம் கரைக்கு வருவோம். 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையால் நாட்டிலேயே மிகுதியான உயிரிழப்பைக் கண்டது அம்பாறை மாவட்டம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு முதலாய நெருங்கிய ஊர்களின் கடலோரத் தெருக்கள் ஒரு காலைப்பொழுதிலே மறைந்தன. யாழ்ப்பாணத்தார் வீட்டைப் பூட்டிச் சாவியோடு சென்றனர். நம்மவர்க்குப் பூட்டுவதற்குக் கதவும் எஞ்சவில்லை. பின்னர் கிழக்கிலே கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்ற விதி வந்தது. சிறிது காலத்திலே அது தளர்த்தப்பட்டது. அறுகம்பேயிலே உல்லாசப் பயணத்தை முதன்மைப்படுத்திய திட்டம் வந்தபொழுது, கரைவலைக் காணியும் வாடியும் தம் கையைவிட்டுப் போய்விடும் என்று மீனவர் அஞ்சி எதிர்த்தனர். பொத்துவிலையும் அறுகம்பேயையும் இணைக்கும் பாலம் அமெரிக்க உதவியுடன் 2008இல் மீண்டது. அதனைக் கடந்து செல்வோர் இன்று காண்பது அலைச்சறுக்கு வீரருக்கான விடுதிகளின் வரிசையை. மாற்றம் தீதென்று யாம் கூறவில்லை. பலர் அதனாலே பிழைக்கின்றனர். ஆயின், விடுதி நிற்கும் இடத்திலே முன்னர் நின்றது யாருடைய வளவு என்பதைச் சொல்ல ஓர் ஏடும் நம்மிடம் இல்லை.

இங்கு நம் கரைக்கே உரிய ஒரு செய்தியைக் கருதுதல் இன்றியமையாதது. இப்பகுதியிலே, தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும், வீடு பெண்வழியாகச் செல்வது நெடுங்கால வழக்கம். மகளுக்குச் சீதனமாக வீடு கட்டிக் கொடுப்பர். மருமகன் அவ்வீட்டிற்கு வருவான். தாய்வழியே குடி எண்ணப்படும். மதத்தால் வேறுபட்ட இரு சமூகத்தாரும் வீட்டால் ஒரே மரபினர். ஆழிப்பேரலையின் பின் எழுந்த புதிய வீடுகளைப் பகிர்ந்தளிக்கையில், அரச படிவங்களிலே ‘குடும்பத்தலைவர்’ என்றொரு கூடு இருந்தது. அக்கூட்டினுள்ளே பெரும்பாலும் ஆடவர் பெயரே எழுதப்பட்டது. உம்மா கட்டிக் கொடுத்த வீட்டை அலை கொண்டுபோயிற்று. அவ்வீடு அவளுடையது என்பதைப் படிவம் கொண்டுபோயிற்று. இது குறித்து ஆய்வாளரும் பெண்கள் அமைப்புகளும் அக்காலத்திலேயே எடுத்துரைத்தனர். பதிவேட்டின் வடிவம் எவ்வளவு வலியது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆகவே நம் கரைக்கு ஒரு தோம்பு எழுதப்படுமாயின், அது பெண்கள் சொல்லி, பெண்கள் வரைந்ததாதல் வேண்டும்.

நுரைச்சோலையிலே சவூதி அரேபிய உதவியுடன் கட்டப்பெற்ற 500 வீடுகள், வழக்கின் காரணமாக ஆண்டுக்கணக்கில் ஆளின்றிக் கிடந்தமை யாவரும் அறிந்தது. அளவுப்படி அமைந்த சுவர்கள், குடியிருப்போர் இல்லாமல், சனாதனனின் இரண்டாவது தாளைப் போல நின்றன. வீடின்றி இருந்தோரின் நெஞ்சிலே முதலாவது தாள் இருந்தது. இரண்டையும் இணைக்கும் மூன்றாவது தாளை இங்கு எவரும் தீட்டவில்லை.

நினைவைக் காக்கும் முயற்சி கிழக்கில் இல்லாமலில்லை. காத்தான்குடியிலே 2015இல் பூர்வீக நூதனசாலை திறக்கப்பட்டபொழுது, முஸ்லிம்களின் பழைய தொழில்களும் வாழ்க்கைமுறையும் உருவமைப்புகளின் வாயிலாகக் காட்டப்பட்டன. அதன் பயனை மறுப்பதற்கில்லை. எனினும், உருவமைப்பு ‘ஒரு நெசவாளர்’ என்று பொதுவாகக் காட்டும். மருதமுனையில் இன்ன தெருவில் இன்ன வளவில் தறி போட்டிருந்தவரைக் காட்டாது. பொதுமையைக் காட்டுவது நூதனசாலைக்கு எளிது. தனி ஒருவரைக் காட்டுவதற்குச் சனாதனனின் முறை வேண்டும்.

இம்முறைக்கு முன்மாதிரி நம் கரையிலேயே உண்டு. காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகள், வழக்கிறந்துபோன யாழை இலக்கியக் குறிப்புகளின் துணைகொண்டு அளந்து கணித்து, 1947இல் யாழ்நூலாக வெளியிட்டார். கண்ணாற் காணாத கருவிக்கு அவர் நிலப்படம் வரைந்தார். நாம் காக்கவேண்டியதோ கண்ணாற் கண்டோர் இன்னும் உயிருடன் இருக்கும் வீடுகள். நமது பணி அவரது பணியினும் எளியது. ஆயினும் அதற்கு எஞ்சியுள்ள காலம் குறுகியது. அலை வந்தபொழுது நாற்பது வயதாயிருந்த தாய்மார் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர்.

ஆசிரியர் என்ற முறையிலே ஒன்று கூறி முடிக்கலாம். நம் வகுப்புகளிலே வீட்டைச் சித்திரிக்கச் சொன்னால், மாணவர் பலர் இரு மலைகளின் நடுவே எழும் ஞாயிற்றையும், முக்கோணக் கூரையையும், புகைபோக்கியையும் வரைவர். நம் கரையிலே கடலிலிருந்தே ஞாயிறு எழுகின்றது. எந்த வீட்டிலும் புகைபோக்கி இல்லை. அச்சுப் புத்தகத்தின் வீட்டை அவர்கள் பார்த்து வரைகின்றனர். தம் வீட்டைப் பார்த்ததில்லை. சித்திர பாடத்திலே ஒரு தவணையை ஒதுக்கி, ஒவ்வொரு மாணவரும் தம் உம்மம்மாவிடமோ அம்மம்மாவிடமோ சென்று, அலைக்கு முன்னிருந்த வீட்டை அவர் கையாலேயே ஒரு தாளில் வரைவித்து வருமாறு பணிக்கலாம். கிணறு எங்கே, அடுப்படி எங்கே, தறி எங்கே, எந்த வாயிலால் யார் வந்தனர் என்று கேட்டு எழுதச் செய்யலாம். வரைந்தவரின் பெயரை அத்தாளிலேயே பொறித்துப் பாடசாலை நூலகத்திலே கோவையாக வைக்கலாம். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. பல சமூகத்தாரும் கற்கும் கல்லூரிகள் தத்தம் கோவைகளை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வராயின், வேலிக்கு அப்பால் இருந்த வீடும் தம் வீட்டைப் போன்றதே என்பதை இளையோர் தாமே காண்பர்.

சனாதனனின் கலை நமக்கு விடுக்கும் அழைப்பு இதுவே. அவருடைய தோம்பு முற்றுப்பெறாதது என்று அவரே தலைப்பிட்டுவிட்டார். அதன் அடுத்த தாள்களை எழுதவேண்டியோர் நாமே.